மூலையில் நான்கு நாற்காலிகள்

செம்பாக்கம் வைகுண்ட் லேக் வியூ அடுக்ககத்தில் மொத்தம் அறுபது வீடுகள். லேக் என்று பெயரில் வருவது, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்று கிழக்கே கழுத்தை நீட்டினால் தெரியும். இதுவரை பார்த்தவர் ஒரே ஒருவர், தொட்டி கழுவ வந்தவர். மற்றவர்கள் அவர் சொன்னதை நம்பி விருந்தாளிகளிடம் ஏரிக்காற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த அடுக்ககத்தின் சங்கத் தலைவர் பத்ரிநாராயணனுக்கு எட்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. அறுபத்தொரு வயது, துணைப் பொது மேலாளராக ஓய்வு பெற்றவர், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ கிடையாது. கோளாறு உடம்பில் இல்லை. வாசல் கேட்டில், பத்தடி நீளத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது.

'கணிதத் திருவிழா! இருபடிச் சமன்பாடுகளை வர்க்கப் பூர்த்தி முறையில் தீர்ப்பது எப்படி? குடியிருப்போரின் அன்பு வேண்டுகோளுக்கிணங்க விளக்குபவர்: கணித மேதை திரு. பத்ரிநாராயணன் அவர்கள் (எஸ்.எஸ்.எல்.சி. கணக்கில் நூற்றுக்கு நூறு).'

வாசகம் அவர் எழுதியதுதான். அன்பு வேண்டுகோளும் அவருடையதே. அடைப்புக்குறிக்குள் இருந்ததை மட்டும் செயலாளர் உமேஷ் அச்சகத்தில் போய்ச் சேர்த்துவிட்டார். அழிக்கச் சொல்லவும் வழியில்லை. ஏனென்றால் அதைச் சொன்னவரும் பத்ரிநாராயணன்தான்.

சொன்னது மூன்று வருஷத்துக்கு முன்னால், பொங்கல் விழாவில். அன்று மைக் கை மாறிக்கொண்டே வந்தது. வாங்கியவர் ஒவ்வொருவரும் பெயரைச் சொல்லி, வீட்டு எண்ணைச் சொல்லி, பிள்ளை கணக்கில் வாங்கிய மதிப்பெண்ணைச் சொன்னார்கள். தொண்ணூற்றாறு, தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது என்று ஏலம் போல ஏறிக்கொண்டிருந்தது. பத்ரிநாராயணனின் ஒரே மகளுக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆகிவிட்டது. அவளுடைய மதிப்பெண் காலாவதியான சரக்கு. மைக் கைக்கு வந்ததும் வாய் தானாகவே சொல்லிவிட்டது: "எங்க காலத்துல சென்டம்ங்கிறது இப்ப மாதிரி சீப் இல்ல. நான் வாங்கினப்போ எங்க ஸ்கூல்லயே ஒருத்தன்தான்."

அவர் வாங்கியது நாற்பத்தொன்று.

அன்றிலிருந்து அவர் மேத்ஸ் சார். லிஃப்ட் எத்தனை பேரைத் தாங்கும் என்பதிலிருந்து தொட்டி நிரம்ப எவ்வளவு நேரமாகும் என்பது வரை அவரிடம்தான் கேட்டார்கள். அவர் கண்ணை மூடி, விரலை மடக்கி, "அப்ராக்ஸிமேட்டா சொல்றேன்" என்று எதையாவது சொல்வார். அப்ராக்ஸிமேட் என்ற சொல் மூன்று வருஷமாக அவர் மானத்தைக் காப்பாற்றி வந்தது.

இந்த முறை அதுவும் கைகொடுக்காது. திருவிழா முதலில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகத்தான் திட்டமிடப்பட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பிள்ளையும் காலியாக இல்லை. பாதிப் பேருக்குச் சேலையூரில் டியூஷன், மீதிப் பேருக்குக் கிழக்குத் தாம்பரத்தில் அந்த டியூஷனுக்கான டியூஷன்.

"அப்ப பேரன்ட்ஸுக்கே நடத்திடலாம் சார்" என்றார் உமேஷ். "பசங்களைத் திட்டறதுக்காவது நமக்கு சப்ஜெக்ட் தெரிய வேணாமா?"

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. வட்டிக் கணக்கு மாதிரி ஏதாவது வரும் என்று பத்ரிநாராயணன் மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தபோது உமேஷ் தொடர்ந்தார்.

"போன டெஸ்ட்ல வர்க்கப் பூர்த்தி முறையில் தீர்க்கன்னு கேட்டிருக்காங்க சார். என் பொண்ணு ஃபார்முலால போட்டுட்டா. ஆன்சர் கரெக்ட். ஆனா அஞ்சுக்கு ரெண்டுதான். மெதட் வேற, மார்க் இல்லைன்னுட்டாங்க. நீங்க அதையே எடுங்க."

"ஓ, அதுவா!" என்று பத்ரிநாராயணன் சிரித்தார். அந்தச் சிரிப்போடு பசி போனதுதான்.

அடுத்த எட்டு நாளும் அவர் கணக்குப் படித்தது குளியலறையில். குழாயைத் திறந்துவிட்டு, செல்போனை சோப்புத் தட்டில் சாய்த்து வைத்து யூடியூப் பார்த்தார். ஒருநாள் கதவு தட்டப்பட்டது. மனைவி பாலாம்பாள்.

"ஏன்னா, உள்ளே யாரோட பேசிண்டிருக்கேள்?"

"யாரோடயும் இல்லைடி. மனசுக்குள்ள கணக்குப் போட்டுண்டிருக்கேன்."

"மனசுக்குள்ள போட்டா ஏன் ஹிந்தில கேக்கறது?"

அவசரத்தில் அவர் தட்டியது ஹிந்தி வீடியோ. ஆனாலும் மாற்றவில்லை, அதில் வந்த ஆசாமி நிதானமாக எழுதினார். ஆறாவது நாளில் பத்ரிநாராயணனுக்கு ஒரே ஒரு கணக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் ஆறு எக்ஸ் மைனஸ் ஏழு ஈக்வல் டு ஜீரோ. ஏழைத் தூக்கி அந்தப் பக்கம் போடு. ஆறில் பாதி மூன்று. மூன்றின் வர்க்கம் ஒன்பது. ஒன்பதை இரு பக்கமும் கூட்டு. இந்தப் பக்கம் எக்ஸ் பிளஸ் மூன்றின் வர்க்கம், அந்தப் பக்கம் பதினாறு. சந்தியாவந்தனத்தைக்கூட அவர் இவ்வளவு தடங்கலில்லாமல் சொன்னதில்லை. எதற்காகப் பாதி, எதற்காக ஒன்பது என்பதை மட்டும் வீடியோக்காரர் சொல்லவில்லை. கூட்டிவிடுங்கள், அவ்வளவுதான் என்று கையை விரித்துச் சிரித்தார். பத்ரிநாராயணனும் அதே மாதிரி கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துப் பழகிக்கொண்டார்.

இதற்கு நடுவில் நாற்காலிகளைப் பற்றி நிர்வாகக் குழு இரண்டு மணி நேரம் கூடிப் பேசியது. வீட்டுக்கு ஒன்று என்று அறுபது நாற்காலி. சொந்த வீட்டுக்காரர்கள் முப்பத்தாறு பேருக்குக் கை வைத்த சிவப்பு நாற்காலி. குடித்தனக்காரர்கள் இருபத்துநான்கு பேருக்குக் கையில்லாத வெள்ளை நாற்காலி. குடித்தனக்காரர்களுக்குச் சங்கத்தில் பேச உரிமை கிடையாது, அதனால் கை ஊன்ற வேண்டிய அவசியமும் இல்லை என்று ஒருவர் விளக்கம் சொல்ல, அது நியாயமாகவே எல்லோருக்கும் பட்டது. சிவப்பு நடுநாயகமாக இருக்க வேண்டும், வெள்ளை பக்கவாட்டிலும் பின்னாலும். உமேஷ் புதிதாக வாங்கிய ட்ரோனில் மேலிருந்து படம் எடுத்து சங்கத்துக் காலண்டரில் போடப்போகிறார். ஆகவே தலைவர் உத்தரவு போட்டார்: "மொத்தமும் பர்ஃபெக்ட் சதுரமா இருக்கணும்."

ஞாயிறு காலை ஏழு மணிக்கு ராஜகீழ்ப்பாக்கம் சேர் கடை பிரிட்டோ லோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். பின்பக்கத்துத் திறந்தவெளியில், வீட்டு வேலைகளைப் பார்க்கும் எல்லம்மா பெருக்கி முடித்த இடத்தில், சேர்களைப் பிரித்துப் போட்டார். போட்டவர் தலையைச் சொறிந்துகொண்டு தலைவரிடம் வந்தார்.

"சார், அறுவது சேர் சதுரமா வராது சார். ஒரு மூலை மொட்டையா கீது. இன்னும் நாலு வோணும்."

பத்ரிநாராயணன் அப்போது மனதுக்குள் ஏழைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டுக்கொண்டிருந்தார். கவனம் சிதறியது.

"ஏம்ப்பா, நீ எனக்குக் கணக்கு சொல்லித் தரியா? பேனரைப் பார்த்தியா இல்லியா?"

"பாத்தேன் சார்."

"கமிட்டில ரெண்டு மணி நேரம் உக்காந்து முடிவு பண்ணினது. சொன்ன மாதிரி போடு."

"போட்டுட்டேன் சார். மேத்ஸ் சார் சொன்னா இன்னா பேச்சு" என்று பிரிட்டோ சுவரோரம் போய் நின்றுகொண்டார். அங்கே ஏற்கெனவே எல்லம்மா, வாட்ச்மேன் லாசரஸ், வால்வு மாற்ற வந்த பிளம்பர் சுவிசேஷமுத்து மூவரும் நின்றிருந்தார்கள். அவர்களுக்கு என்று நாற்காலி எதுவும் தீர்மானத்தில் இல்லை.

எட்டரைக்கு அறுபது நாற்காலியும் நிறைந்தன. பெற்றோர்கள் நோட்டு, பேனாவோடு வந்திருந்தார்கள். முன்வரிசைச் சிவப்பில் பாலாம்பாள் பட்டுப்புடவையில். அவளுக்கு இரண்டு நாற்காலி தள்ளி உமேஷ், மடியில் ட்ரோனை ஓட்டும் கருவியோடு. குரோம்பேட்டை ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருக்கும் கிறிஸ்டினா இரவு டியூட்டி முடித்து நேரே வந்து வலப்பக்கத்து வெள்ளையில் உட்கார்ந்திருந்தாள். அவள் மகன் பத்தாவது.

பத்ரிநாராயணன் ஆரியபட்டரில் தொடங்கினார். பூஜ்ஜியத்தை உலகத்துக்குக் கொடுத்தவர்கள் நாம் என்று பன்னிரண்டு நிமிஷம் பேசினார். பூஜ்ஜியம் வரைக்கும் அவருக்குப் பயமில்லை. பிறகு வேறு வழியில்லாமல் வெள்ளைப் பலகைப் பக்கம் திரும்பி, மனப்பாடத்தை இறக்கினார். ஏழு அந்தப் பக்கம் போனது. ஆறில் பாதி மூன்று. மூன்றின் வர்க்கம் ஒன்பது.

"ரெண்டு பக்கமும் ஒன்பதைக் கூட்டறோம்" என்று சொல்லி, கண்ணாடியில் பழகிய அதே சிரிப்பைச் சிரித்தார்.

"சார்" என்றாள் கிறிஸ்டினா. "தப்பா எடுத்துக்காதீங்க. அந்த ஒன்பது எதுக்கு சார்?"

"மூணோட ஸ்கொயர்ம்மா."

"அது தெரியுது சார். எதுக்குப் பாதியாக்கணும், எதுக்கு ஸ்கொயர் பண்ணணும்? என் பையன் கேட்டான். மிஸ்கிட்டயே கேட்டிருக்கான். ஸ்டெப்பை எழுது, மார்க் வரும்னாங்களாம். அதான், உங்களை மாதிரி ஒருத்தர் சொன்னா..."

அறுபது பேனாக்கள் நின்றன. நின்றபோதுதான் தெரிந்தது, அங்கே இருந்த ஒருவருக்கும் அது தெரியாது என்பது. வங்கி அதிகாரி நோட்டைப் புரட்டினார். இரண்டு பொறியியல் கல்லூரிப் பேராசிரியர்கள் ஒரே சமயத்தில் செருப்பைக் குனிந்து பார்த்தார்கள்.

"சென்டம் சார் சொல்லுவார்" என்றார் உமேஷ், கருவியின் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அதில் விஷம் இருந்ததா, வெறும் உற்சாகமா என்று சொல்ல முடியவில்லை.

பத்ரிநாராயணன் மார்க்கரை மூடினார். திறந்தார். அப்ராக்ஸிமேட் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்து, இங்கே வேலையில்லை என்று தெரிந்து திரும்பிப் போனது. மூன்று வருஷ மேத்ஸ் சார் இன்னும் அரை நிமிஷத்தில் முடியப்போகிறார். நாளைக் காலை நடைப்பயிற்சியில் ஒருவரும் எதுவும் சொல்லமாட்டார்கள், பார்த்து மட்டும் சிரிப்பார்கள்.

"ஐயோ, சார்!" என்று உமேஷ் கத்தினார். "ஃப்ரேம்ல ஓட்டை தெரியுது சார்! பின்னால வலது மூலையில சேரே இல்ல. பிரிட்டோ, என்னப்பா இது?"

"காத்தாலயே சொன்னேன் சார்" என்று சுவரோரத்திலிருந்து குரல் வந்தது. "நாலு சேர் கம்மி. ரெண்டுக்கு ரெண்டு."

பத்ரிநாராயணன் தலையைத் தூக்கிப் பார்த்தார். பலகையைப் பார்க்காமல் இருக்க ஒரு காரணம் கிடைத்த நிம்மதியில்தான் பார்த்தார். நடுவில் சிவப்பு, ஆறுக்கு ஆறு. வலப்பக்கம் வெள்ளை இரண்டு வரிசை. பின்னால் வெள்ளை இரண்டு வரிசை. இரண்டும் சேர வேண்டிய மூலையில் வெறும் சிமென்ட் தரை. ஒரு நாய் படுத்திருந்தது.

"வெள்ளை மொத்தம் எத்தனை வரிசை, பிரிட்டோ?"

"நாலு சார். அந்தாண்ட ரெண்டு, பின்னாண்ட ரெண்டு."

"நாலையும் ஒரே பக்கம் போட்டிருந்தா?"

"நீட்டமா பூடும் சார். அப்பால எங்க சதுரம்? பாதி அங்க, பாதி இங்க போட்டாதான் ரெண்டு பக்கமும் சமமா வரும்."

பத்ரிநாராயணன் மேடையை விட்டு இறங்கிவிட்டார். நாற்காலிகளுக்கு நடுவே வேகமாக நடந்துபோய் அந்த மூலையில் நின்றார். நாய் எழுந்து இடம் கொடுத்தது.

"பாதி!" என்றார். குரல் கிறீச்சிட்டது. "அதான் பாதி! பாதி அங்க, பாதி இங்க. பாதி பாதியாப் பிரிச்சா மூலையில சதுரமா ஒரு ஓட்டை விழுது. ரெண்டுக்கு ரெண்டு, நாலு. அதை அடைச்சாத்தான் பெரிய சதுரம் முழுசாகும். அட ராமா, வர்க்கப் பூர்த்தின்னா இவ்வளவுதானா!"

கடைசி வாக்கியம் ஒரு கணித மேதை சொல்லக்கூடியது இல்லை. ஆனால் அந்த நேரத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை; எல்லோரும் நாற்காலியிலேயே உடம்பைத் திருப்பி மூலையைப் பார்த்தார்கள். கிறிஸ்டினா எழுந்தே நின்றுவிட்டாள்.

"அப்ப நம்ம கணக்குல ஆறு எக்ஸ்ங்கிறது... மூணு வரிசை பக்கத்துல, மூணு வரிசை பின்னால?"

"ஆமாம்மா! மூலையில மூணுக்கு மூணு. உன் ஒன்பது!"

"அந்தப் பக்கமும் ஒன்பது கூட்டறது?"

"இங்க நாலு சேர் புதுசாப் போட்டா அறுபது அறுபத்துநாலு ஆயிடும் இல்லியா? அதை மறைக்க முடியுமா? கூட்டித்தான் ஆகணும்."

ஓடிப்போய்ப் பலகையில் எழுதினார். சிவப்பு எத்தனை வரிசை என்று தெரியாது, எக்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் நாலு எக்ஸ், மொத்தம் அறுபது. இரு பக்கமும் நாலைக் கூட்டு. எக்ஸ் பிளஸ் இரண்டின் வர்க்கம் அறுபத்துநாலு. எக்ஸ் பிளஸ் இரண்டு எட்டு. எக்ஸ் ஆறு. பிரிட்டோ சிவப்பு வரிசைகளை விரலால் எண்ணி, "ஆறு கரீட்டு சார்" என்று சான்றிதழ் கொடுத்தார்.

"மைனஸ் எட்டை ஸ்கொயர் பண்ணாலும் அறுபத்துநாலுதானே சார்?" என்றார் உமேஷ். "அப்ப எக்ஸ் மைனஸ் பத்து?"

"அந்த சைஸ் நம்ம கடையில இல்ல சார்" என்றார் பிரிட்டோ.

"பேப்பர்ல ரெண்டையும் எழுதணும்" என்றார் பத்ரிநாராயணன். "தரையில ஆறுதான் வரும். முதல்ல மூலைக்கு நாலு சேர் கொண்டு வாங்கப்பா."

பிரிட்டோவின் ஆட்டோவில் மிச்சம் இல்லை. வாட்ச்மேன் அறையிலிருந்து முதுகில்லாத ஒரு சுழல் நாற்காலி வந்தது. பம்ப் அறையிலிருந்து பெயின்ட் தெறித்த மர நாற்காலி. தரைத்தள வீடுகள் இரண்டிலிருந்து ஒரு சாப்பாட்டு மேஜை நாற்காலியும், கை போன ஒரு பிரம்பு நாற்காலியும். காலி நாற்காலி படத்தில் நன்றாக இருக்காது என்று உமேஷ் சொன்னதால், சுவரோரம் நின்ற நான்கு பேரையும் உட்காரச் சொன்னார்கள்.

"இன்னாத்துக்குப்பா நானு?" என்று எல்லம்மா வெட்கப்பட்டாள். "எனுக்குக் கணக்கும் தெரியாது, ஒண்ணும் தெரியாது."

"நீ இல்லேன்னாத்தான் கணக்கு வராது. உக்காரும்மா" என்றார் பத்ரிநாராயணன்.

ட்ரோன் மேலே போய் நின்று படம் எடுத்தது. உமேஷ் எழுந்து இரண்டு கையையும் தூக்கினார். "பாத்தீங்களா! சென்டம்னா சும்மாவா? எல்லாரும் ஒரு பெரிய கைதட்டு குடுங்க!"

கைதட்டல் எழுந்தது. இதுவரை சங்கத்தில் யாருக்கும் விழாத கைதட்டல். பத்ரிநாராயணன் கையைக் கூப்பினார். தப்பித்தாயிற்று. வாயை மூடிக்கொண்டு கீழே இறங்கினால் சாகும்வரை அவர் மேத்ஸ் சார்.

ஆனால் கைதட்டல் நீள நீள ஒரு விஷயம் அவரை உறுத்தத் தொடங்கியது. மனசாட்சி இல்லை, அது அவரிடம் மூன்று வருஷமாக விடுப்பில் இருந்தது. இது கௌரவப் பிரச்சினை. இந்தப் பெரிய விஷயத்தை, வீடியோக்காரனும் சொல்லாததை, இந்த நிமிஷம் இந்த மூலையில் நின்று அவரே கண்டுபிடித்திருக்கிறார். கைதட்டலோ என்றோ எவனோ வாங்கிய நூறுக்குப் போகிறது. நூறு வாங்கினவனுக்கு இது புரிவதில் என்ன ஆச்சரியம்? தன் பெருமையைத் தன் பொய்யே தின்பதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

"நான் வாங்கினது நாப்பத்தொண்ணு" என்றார் மைக்கில்.

கைதட்டல் அங்கங்கே தடுக்கி விழுந்து நின்றது.

"நூத்துக்குத்தான். பொங்கலன்னிக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். எட்டு நாளா இந்த ஒரு கணக்கை பாத்ரூம்ல மனப்பாடம் பண்ணினேன். எதுக்குப் பாதின்னு இப்பத்தான், இந்த நாயை எழுப்பினப்பத்தான் புரிஞ்சுது."

சொன்னதும், எட்டு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எதுவோ எழுந்து போய்விட்டது. பயங்கரமாகப் பசித்தது.

முதலில் சிரித்தவள் கிறிஸ்டினா. "அப்ப எனக்கும் வரும் சார். நான் நாப்பத்திமூணு."

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். "நான் முப்பத்தேழு."

உமேஷ் கொஞ்ச நேரம் கருவியைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "இன்ஜினியரிங்ல எம்-த்ரீ மேத்ஸ் பேப்பர், நாலு அட்டெம்ப்ட்" என்றார். "வீட்டுல தெரியாது. பொண்ணுகிட்ட சொல்லிடாதீங்க."

அவ்வளவுதான், மைக் கை மாறத் தொடங்கிவிட்டது. முப்பத்தாறு, முப்பத்தைந்து என்று இறங்கியது. "வெறும் பாஸை எல்லாம் பெருசா சொல்லாதீங்க சார், நான் ரெண்டு தடவை கோட்டு அடிச்சவன்" என்று ஒரு பேராசிரியர் சவால் விட்டார். வங்கி அதிகாரி விட்டுக்கொடுக்காமல் பத்தொன்பது என்றார். ஆதாரத்துக்குச் சான்றிதழ் கேட்காத குறை. எல்லோருடைய தோளும் இரண்டங்குலம் கீழே இறங்கியிருந்தது, குரல் மட்டும் அதே பொங்கல் குரல். கடைசியில் மைக் மூலைக்குப் போய் பிரிட்டோவிடம் சேர்ந்தது.

"நானு பேப்பர்ல பேரை மட்டும் எழுதி வெச்சிட்டு எந்திரிச்சு வந்துட்டேன் சார்."

அவரை யாராலும் மிஞ்ச முடியவில்லை. அன்றைய பெரிய கைதட்டல் அவருக்குத்தான் கிடைத்தது. பத்ரிநாராயணனுக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

மத்தியானம் மோர்க்குழம்பை மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பாலாம்பாள் அப்பளத்தை வைத்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்.

"நாப்பத்தொண்ணுன்னு சொல்ல மூணு வருஷமா உங்களுக்கு?"

அவர் கை இலையிலேயே நின்றது. "உனக்குத் தெரியுமா?"

"நன்னாருக்கே. பீரோ மேல்தட்டுல இருக்கற உங்க மார்க் ஷீட்டுக்கு யார் லேமினேஷன் போட்டான்னு நினைச்சேள்? கிழிஞ்சு போறதேன்னு நான்தான் தாம்பரம் மார்க்கெட் கடைல குடுத்துப் போட்டேன். கடைக்காரப் பையன்கூட ஒரு தரம் என்னைப் பாத்தான்."

"பின்ன ஏன் சொல்லலை?"

"நீங்க பாத்ரூம்லேர்ந்து வெளில வருவேள்னு காத்துண்டிருந்தேன்."

செல்போன் கிணுகிணுத்தது. சங்கத்து வாட்ஸாப்பில் உமேஷ் படத்தைப் போட்டிருந்தார். மேலிருந்து பார்க்க, எட்டுக்கு எட்டு, கச்சிதமான சதுரம். மூலையில் நான்கு நாற்காலியும் நான்கு விதமாக இருந்தன. மற்ற அறுபத்துமூன்று பேரும் பலகைப் பக்கம் முகம் காட்டி இருக்க, எல்லம்மா மட்டும் ட்ரோனை அண்ணாந்து பார்த்து வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே உமேஷ் கேட்டிருந்தார்: 'சார், காலண்டருக்கு அனுப்பறதுக்கு முன்னாடி அந்தக் கார்னரை க்ராப் பண்ணிடலாமா? கொஞ்சம் ஒரு மாதிரியா இருக்கு.'

பத்ரிநாராயணன் கையை அலம்பிக்கொண்டு வந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

'கூடாது. அதை வெட்டினா கணக்குத் தப்பு. பேனரை மட்டும் இன்னிக்கே கழட்டிடுங்க.'

அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். கூடத்து மின்விசிறிக்குக் கீழே பாயை விரித்துப் படுத்தவர், சாயங்காலம் பால்காரர் மணி அடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.